161 தாள்களின் பயணம்

ஜெர்மனியின் தென்மேற்கில், நெக்கர் ஆற்றங்கரையில், மார்பாஹ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கவிஞர் ஷில்லர் பிறந்த ஊர். அங்குள்ள ஜெர்மன் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் 161 தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன. நோட்டுப் புத்தகங்களிலிருந்து கிழித்து எடுக்கப்பட்ட தாள்கள். அடித்தல் திருத்தல்களோடு மையால் எழுதப்பட்டவை. ஃப்ரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’ நாவல் இந்தத் தாள்களில்தான் பிறந்தது. இவற்றிலேயே பாதியில் நின்றும் போனது.

எழுதத் தொடங்கியது 1914இல், ப்ராக் நகரத்தில். மார்பாஹ் வந்து சேர்ந்தது 1988இல். இடைப்பட்ட எழுபத்து நான்கு ஆண்டுகளில் இந்தத் தாள்கள் இரண்டு உலகப் போர்களையும், எரித்துவிடச் சொன்ன ஒரு கடிதத்தையும், ஓர் அகதியின் பயணத்தையும், ஓர் ஏலத்தையும் கடந்திருக்கின்றன. பொதுவாக ஒரு நாவலின் வரைவு முற்றுப்பெறாத நிலையில் தொடங்கி முற்றுப்பெற்ற புத்தகமாக முடியும். ‘விசாரணை’ எதிர்த்திசையில் போனது. முதலில் முழு நாவலாக அச்சேறியது. மூலத்தாள்கள் ஆய்வாளர்களின் பார்வைக்கு வந்த பிறகுதான் அது எந்த அளவுக்கு முற்றுப்பெறாதது என்பது வாசகர்களுக்குத் தெரிந்தது. அதனால் நாவலின் மதிப்பு குறைந்துவிடவில்லை, கூடியது என்பதே என் எண்ணம்.

இரவில் எழுதியவர்

காஃப்கா சட்டம் படித்தவர். 1908 முதல் ப்ராக்கில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. அலுவலகம் பிற்பகல் இரண்டு மணிவரை. பிறகு சாப்பாடு, தூக்கம், குடும்பத்தாரின் சத்தம். எல்லாரும் படுத்த பின்னர்தான் அவருக்கு எழுத்து.

1912 செப்டம்பரில் ஓர் இரவு, ‘தீர்ப்பு’ என்ற சிறுகதையை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் விடியும்வரை எழுதி முடித்தார். எழுத்து என்றால் இப்படித்தான் வர வேண்டும் என்று அன்றைக்கே அவர் மனத்தில் பதிந்துவிட்டது. இந்த அளவுகோல்தான் பின்னர் அவரை வதைத்தது. சிறுகதையை ஒரே இரவில் முடிக்கலாம். நாவலை முடிக்க முடியாது. அது நூறு இரவுகளைக் கேட்கும். அந்த நூறு இரவுகளுக்கு நடுவே நூறு பகல்களும் இருக்கும். ஓர் இளைஞன் கப்பலேறி அமெரிக்கா போவதைச் சொல்லும் அவருடைய முந்தைய நாவலும் இப்படித்தான் கதை நீண்டு நீண்டு, எங்கே முடிப்பது என்று தெரியாமல் நின்றிருந்தது.

1914 ஜூலை 12 அன்று பெர்லினில் ஒரு ஓட்டல் அறையில், ஃபெலிஸ் பௌவருடன் அவருக்கு நடந்திருந்த நிச்சயதார்த்தம் முறிந்தது. ஃபெலிஸின் அக்காவும் தோழியும் உடன் இருந்தார்கள். தன்மீது குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட, காஃப்கா பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். டைரியில் அந்தச் சந்திப்பை ஒரு நீதிமன்றம் என்றே குறித்துவைத்தார். மூன்றே வாரத்தில் உலகப் போர் தொடங்கியது. தங்கைகளின் கணவன்மார் படைக்குப் போனார்கள். மூத்த தங்கை குழந்தைகளோடு பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டதால், காஃப்கா தம் அறையைக் கொடுத்துவிட்டுக் காலியாகக் கிடந்த தங்கை வீட்டுக்குக் குடிபோனார். முப்பத்தொரு வயதில் முதல்முறையாகப் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியே, தனியாக, அமைதியான ஓர் அறை. ஆகஸ்டு நடுவில் எழுதிய டைரிக் குறிப்பில், சில நாட்களாக எழுதிவருவதாகவும், அது நீடிக்க வேண்டும் என்று விரும்புவதாகவும் சொல்கிறார். எழுதிக்கொண்டிருந்தது ‘விசாரணை’.

முடிவை முதலில் எழுதிய உத்தி

முந்தைய நாவல் கைமீறிப் போனது நினைவில் இருந்ததால், இம்முறை அவர் வேறு விதமாகத் தொடங்கினார். கதையின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் தொடக்கக் கட்டத்திலேயே எழுதிவிட்டார். யோசஃப் க. என்ற வங்கி அதிகாரி தன் முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைதாகிறான். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. முப்பத்தோராவது பிறந்தநாளுக்கு முந்தைய மாலையில் இரண்டு பேர் வந்து அவனை ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரிக்குக் கூட்டிப்போய்க் கொன்றுவிடுகிறார்கள். தொடக்கமும் முடிவும் தயார். ஓராண்டுக் கால எல்லையும் தயார். நடுவில் இருப்பதை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

அந்த நடுப்பகுதியை அவர் வரிசையாக எழுதவில்லை. ஒரு அத்தியாயம் ஓடாவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொரு நோட்டில் இன்னொன்றைத் தொடங்குவார். இப்படி ஒரே காலத்தில் பல நோட்டுகளில் பல அத்தியாயங்கள் வளர்ந்தன. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நல்ல வேகம். அக்டோபரில் தடங்கல். நாவலை முன்னே தள்ளுவதற்காகவே அலுவலகத்தில் விடுப்பு எடுத்தார். இரண்டு வாரம் கிடைத்தது. அந்த இரண்டு வாரத்தில் ‘தண்டனைக் குடியிருப்பில்’ என்ற நெடுங்கதை முழுதாக வந்தது. அமெரிக்க நாவலுக்கும் ஓர் அத்தியாயம் வந்தது. விடுப்பு எடுத்ததே ‘விசாரணை’க்காக, ஆனால் பெரும் விளைச்சல் பிறவற்றுக்கு. எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு வேலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வேலை தானாக ஓடும்.

டிசம்பரில் மேலும் கதைகள் குறுக்கே வந்தன. 1914இன் கடைசி நாள், காஃப்கா டைரியில் ஆண்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார். முடிக்காமல் கிடப்பவை எவை, முடித்தவை எவை என்று ஒரு பட்டியல். முடித்தவையாக அவர் குறித்திருப்பது விடுப்பு நாட்களில் எழுதிய அந்த இரண்டை மட்டுமே. ‘விசாரணை’ முடியாதவற்றின் வரிசையில் இருந்தது.

புத்தாண்டில் இன்னொரு சுமை சேர்ந்தது. அவருடைய குடும்பம் கல்நார்த் தொழிற்சாலை ஒன்றில் பணம் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனர் போருக்குப் போய்விட்டதால், பிற்பகல்களில் காஃப்கா அங்கே போக வேண்டியதாயிற்று. பிற்பகலில் தூங்க முடியாவிட்டால் இரவில் எழுத முடியாது. 1915 ஜனவரி 20 அன்று, எழுத்து முடிந்துவிட்டது, இனி எப்போது மீண்டும் தன்னிடம் வருமோ என்ற பொருளில் டைரியில் எழுதினார். ஏறக்குறைய ஐந்து மாதத்து வேலை அதோடு நின்றது.

அடுத்த சில நாட்களில் எல்லையோர ஊரான போடன்பாஹில் ஃபெலிஸை மீண்டும் சந்தித்தபோது, கையெழுத்துப் பிரதியிலிருந்து சில பகுதிகளை அவருக்குப் படித்துக் காட்டினார். சட்டத்தின் வாயிலில் காவலன் நிற்கும் குட்டிக் கதை வந்தபோதுதான் ஃபெலிஸ் கவனித்துக் கேட்டார் என்று டைரி சொல்கிறது. நாவலுக்குள்ளிருந்து அந்தக் குட்டிக் கதையை மட்டும் தனியே எடுத்து 1915 செப்டம்பரில் ப்ராக்கின் யூத வார இதழ் ஒன்றில் வெளியிட்டார். நாவல் என்று எழுதியதில் அவர் தாமே அச்சுக்குக் கொடுத்தது அவ்வளவு சிறு பகுதிதான்.

பின்னர் நோட்டுகளிலிருந்து இந்த நாவலுக்கான தாள்களைக் கிழித்தெடுத்து, அத்தியாயவாரியாகத் தனித்தனிக் கட்டுகளாக வைத்தார். மொத்தம் பதினாறு கட்டுகள். சில முழுமையாக எழுதப்பட்டவை. சில ஓரிரு பக்கங்களோடு நின்றவை. எந்தக் கட்டுக்கு அடுத்து எந்தக் கட்டு என்று அவர் எண் போடவில்லை. இந்த நாவலின் பிற்காலக் கதை முழுவதும் இந்த ஒரு செயலிலிருந்து, அதாவது போடப்படாத அந்த எண்களிலிருந்து கிளைத்தது.

எரிக்கச் சொன்னவரும் எரிக்காதவரும்

1920இல் நண்பர் மாக்ஸ் ப்ராட் இந்தக் கட்டுகளைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். ப்ராட் அன்றைக்கே பேர்பெற்ற எழுத்தாளர். காஃப்காவின் எழுத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை காஃப்காவுக்கே இருந்ததில்லை.

1924 ஜூன் 3 அன்று வியன்னாவுக்கு அருகே கியர்லிங் என்ற ஊரின் சிகிச்சை இல்லத்தில், தொண்டைக் காசநோயால் காஃப்கா இறந்தார். அவருடைய மேசையில் ப்ராட் பெயருக்கு இரண்டு குறிப்புகள் கிடைத்தன. டைரி, கடிதம், கையெழுத்துப் பிரதி எல்லாவற்றையும் படிக்காமல் எரித்துவிட வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அப்படி எரிக்க மாட்டேன் என்று காஃப்கா உயிரோடு இருந்தபோதே நேரில் சொல்லிவிட்டதாக ப்ராட் விளக்கினார். உண்மையிலேயே எரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் காஃப்கா வேறு ஆளிடம் அல்லவா அந்தப் பொறுப்பைக் கொடுத்திருப்பார் என்பது அவருடைய வாதம். அந்தக் குறிப்புகளையும் அவர் மறைக்கவில்லை. அந்த ஆண்டே பத்திரிகையில் வெளியிட்டார்.

1925இல் பெர்லினின் டீ ஷ்மீட பதிப்பகம் ‘விசாரணை’யை வெளியிட்டது. பெயர் தெரியாத ஓர் எழுத்தாளரின் சிதறிய தாள்களை உலகம் வாங்கிப் படிக்காது என்று ப்ராட் அஞ்சினார். ஆகவே முழுமையாகத் தெரிந்த கட்டுகளைப் பத்து அத்தியாயங்களாக வரிசைப்படுத்தினார். நிறுத்தக்குறிகளைச் சீராக்கினார். அரைகுறையாக நின்ற கட்டுகளை ஒதுக்கினார். முதலும் முடிவும் காஃப்கா எழுதிவைத்தவை என்பதால் இந்தத் தொகுப்பு தொடக்கம், நடு, முடிவு உள்ள நாவலாகவே நின்றது. படித்தவர்களுக்கு இதில் இடைவெளி எளிதில் தெரியவில்லை.

ப்ராட் செய்தது இரண்டு காரியம். தாள்களைக் காப்பாற்றினார். அவற்றின் மேல் ஒரு மூடியும் போட்டார். முதலாவதற்கு உலகம் அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறது. இரண்டாவதைத் திறக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1935இல் ஷாக்கன் பதிப்பகத்தின் புதிய பதிப்பில் அவரே முற்றுப்பெறாத அத்தியாயங்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகம் தன் காலில் நின்றுவிட்ட பிறகு, அதன் குறையையும் காட்டலாம் என்ற துணிவு அவருக்கு வந்திருந்தது.

பெட்டியில் கடந்த எல்லை

காஃப்காவின் தாள்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அவருடைய கடைசிக் காலத் துணைவி டோரா டியமண்ட்டிடமும் நோட்டுகளும் கடிதங்களும் இருந்தன. 1933இல் பெர்லினில் அவருடைய வீட்டைச் சோதனையிட்ட கெஸ்டாபோ அவற்றை அள்ளிக்கொண்டு போனது. இன்றுவரை அவை கிடைக்கவில்லை.

1939 மார்ச் 14 இரவு, ப்ராட்டும் மனைவி எல்சாவும் ப்ராக்கில் ரயிலேறினார்கள். ஒரு பெட்டி நிறைய காஃப்காவின் தாள்கள். மறுநாள் காலை ஹிட்லரின் படை ப்ராக்கில் நுழைந்தது. ரயில் போலந்து எல்லையைக் கடந்துவிட்டிருந்தது. அங்கிருந்து ருமேனியாவின் கான்ஸ்டன்சா துறைமுகம், கப்பல், பாலஸ்தீனம், டெல் அவீவ். ப்ராக்கிலேயே தங்கிவிட்ட காஃப்காவின் மூன்று தங்கைகளும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். எந்தத் தங்கையின் வீட்டில் இருந்துகொண்டு அவர் இந்த நாவலை எழுதினாரோ அந்தத் தங்கையும் அவர்களில் ஒருவர். தாள்களும் அங்கேயே இருந்திருந்தால் அவையும் மிஞ்சியிருக்க வழியில்லை.

போர் முடிந்தபோது காஃப்காவின் பெயர் உலகெங்கும் பரவியிருந்தது. வில்லா மூர், எட்வின் மூர் தம்பதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1937இலேயே வந்திருந்தது. காரணம் சொல்லாமல் கைதுசெய்யும் அரசுகளைக் கண்ணால் பார்த்துவிட்ட தலைமுறைக்கு யோசஃப் க.வை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 1956இல் சூயெஸ் நெருக்கடியின்போது மத்தியக் கிழக்கில் மீண்டும் போர் மூண்டதால், காஃப்காவின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி சுவிட்சர்லாந்தின் வங்கிப் பெட்டகங்களுக்குப் போனது.

ஏலமும் அதன் பிறகும்

இங்கே கட்டுகள் பிரிகின்றன. காஃப்காவின் தங்கை பிள்ளைகளுக்கு உரியவற்றை 1961இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் மால்கம் பாஸ்லி சுவிட்சர்லாந்திலிருந்து தம் சிறிய காரிலேயே கொண்டுவந்து பாட்லியன் நூலகத்தில் சேர்த்தார். ‘கோட்டை’ நாவலின் பிரதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் ‘விசாரணை’ போகவில்லை. அது காஃப்கா தமக்குக் கொடுத்தது என்பது ப்ராட்டின் நிலை. அதை அவர் தம் செயலாளரும் நெருங்கிய தோழியுமான எஸ்தர் ஹோஃபேவுக்குக் கொடுத்துவிட்டார். 1968இல் ப்ராட் இறந்த பின் தாள்கள் ஹோஃபேவின் தனிச்சொத்தாக இருந்தன.

1988 நவம்பர் 17 அன்று லண்டனில் சதபீஸ் நிறுவனம் ‘விசாரணை’யின் கையெழுத்துப் பிரதியை ஏலம் விட்டது. பத்து லட்சம் பவுண்டுக்கு மார்பாஹ் காப்பகத்துக்காக அது வாங்கப்பட்டது. எரிக்கச் சொல்லப்பட்ட தாள்களுக்கு, நவீன இலக்கியக் கையெழுத்துப் பிரதி எதற்கும் அதுவரை கிடைக்காத விலை. ப்ராக்கில் பிறந்த ஒரு யூதரின் கையெழுத்து ஜெர்மனியில் இருப்பது பொருந்துமா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது, பிறகும் எழுந்தது. ஹோஃபே குடும்பத்திடம் மிஞ்சியிருந்த மற்றத் தாள்களுக்கான வழக்கு நெடுங்காலம் நடந்து, 2016இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவற்றை அந்நாட்டுத் தேசிய நூலகத்துக்கு உரியவை என்று தீர்ப்பளித்தது.

யாருடைய சொத்து என்ற வழக்கில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ‘விசாரணை’யைப் பொறுத்தவரை முக்கியமானது வேறொன்று. தனியார் கையிலிருந்த தாள்கள் பொதுக் காப்பகத்துக்கு வந்தன. வந்ததும் ஆய்வு தொடங்கியது. 1990இல் பாஸ்லியின் ஆய்வுப் பதிப்பு வெளியானது. காஃப்கா முதலும் முடிவும் முன்னதாக எழுதினார், பல அத்தியாயங்களை ஒரே சமயத்தில் வளர்த்தார் என்பதெல்லாம் இத்தகைய ஆய்வுகளிலிருந்து தெரியவந்தவை. ப்ராட் நான்காம் அத்தியாயமாக வைத்திருந்த ஒன்றை, அது முடியாதது என்று பாஸ்லி முற்றுப்பெறாத பகுதிக்கு மாற்றினார்.

வரிசை பற்றிய ஐயம் புதியதல்ல. பெல்ஜிய அறிஞர் ஹெர்மன் ஆய்ட்டர்ஸ்ப்ராட் 1950களிலேயே ஒன்றைக் கவனித்தார். வழக்கறிஞரைப் பற்றிய அத்தியாயத்தில் வெளியே பனி பெய்கிறது. அதற்குப் பின்னால் ப்ராட் வைத்திருக்கும் தேவாலய அத்தியாயத்தில் இலையுதிர்கால மழை. ஓராண்டில் முடியும் கதையில் பருவங்கள் முன்பின்னாக நிற்கின்றன. அப்படியானால் அத்தியாயங்களை மாற்றி அடுக்க வேண்டுமா? அவர் ஒரு புதிய வரிசையைச் சொன்னார். மற்றவர்கள் வேறு வரிசைகளைச் சொன்னார்கள். எதுவும் எல்லாராலும் ஏற்கப்படவில்லை.

1997இல் ரோலண்ட் ராய்ஸும் பீட்டர் ஸ்டெங்லேயும் இந்தச் சிக்கலுக்கு மிக நேர்மையான விடையைத் தந்தார்கள். அவர்களுடைய பதிப்பில் ஒவ்வொரு கட்டும் தனித்தனி நூலாக வந்தது. பதினாறு சிறு நூல்கள், ஒரே உறைக்குள். ஒரு பக்கம் கையெழுத்தின் படம், எதிர்ப்பக்கம் அதன் அச்சு வடிவம். எண் இல்லை, வரிசை இல்லை. காஃப்கா விட்டுப்போன நிலையிலேயே வாசகர் கையில் நாவல் வந்து சேர்ந்தது.

முடியாமை சொல்லும் சேதி

ஒரு நாவலாசிரியரின் உழைப்பைப் பற்றி இந்தத் தாள்கள் சொல்வதுபோல வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை. முன்னேற்றம் என்பதைப் பக்க எண்ணிக்கையாக, நாளுக்கு இத்தனை சொல் என்ற கணக்காகவே நாம் நினைக்கிறோம். காஃப்காவின் ஐந்து மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அவர் முடிவைத் தெரிந்துவைத்துக்கொண்டே தொடங்கினார். ஆனாலும் அந்த முடிவுக்குப் போகும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. வழி கிடைக்காததே கதையும் ஆயிற்று. யோசஃப் க. தன் வழக்கில் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கும், ஒரு வழக்கறிஞரிடமிருந்து ஓர் ஓவியரிடமும் அலைகிறான். எங்கு போனாலும் தீர்ப்பு நெருங்குவதில்லை. இடையில் எத்தனை அத்தியாயம் வேண்டுமானாலும் வரலாம், எந்த அளவிலும் நிற்கலாம். முடிவு மட்டும் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. எழுதிய முறைக்கும் எழுதப்பட்ட பொருளுக்கும் இவ்வளவு நெருக்கம் உள்ள நாவல்கள் அரிது. அதனால்தான் முற்றுப்பெறாத நிலையில் இதைப் படிக்கும்போது குறையாகத் தோன்றுவதில்லை.

இந்தப் பயணத்தில் தாள்கள் தங்கிய ஒவ்வோர் இடமும் அவற்றை வேறு விதமாகப் படிக்கவைத்தது. காஃப்காவின் அறையில் அது தோற்றுப்போன முயற்சி. ப்ராட்டின் மேசையில் மாபெரும் நாவல். சதபீஸில் விலைப்பொருள். மார்பாஹில் அது மீண்டும் ஒரு வரைவு. நான்கில் கடைசியே உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது என் தீர்மானம். அது சாத்தியமானது, யார் வேண்டுமானாலும் ஆய்வு செய்யும் பொதுக் காப்பகம் ஒன்று அதை வாங்கியதால்தான்.

ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து, க்ரியா வெளியிட்ட ‘விசாரணை’ தமிழில் இருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் படிக்க வேண்டும். ஏற்கெனவே படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழிலோ ஆங்கிலத்திலோ இந்த நாவலின் எந்தப் பதிப்பு கைக்கு வந்தாலும், பின்னிணைப்பில் முற்றுப்பெறாத அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். யோசஃப் க. தன் தாயைப் பார்க்கக் கிளம்பும் பக்கங்கள், துணை மேலாளரோடு மல்லுக்கு நிற்கும் பக்கங்கள், நண்பரான அரசு வழக்கறிஞரைப் பற்றிய பக்கங்கள் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் காஃப்கா எழுதியதை முழுதாகப் படித்தவர்கள் ஆவோம்.